கணக்கும் உறக்கமும்

நுழையும் முன்
கணக்கு வரவில்லை என்று வருந்தும் மாணவர் பலர். அதற்குக் கணக்கு மட்டுமே காரணமா? ஆசிரியர் பணிக்குப் பயிலும் மாணவி ஒருவர் தம் எண்ணங்களை எழுதுவதுபோல் அமைந்தது இக்கட்டுரை.

இன்னும் ஈராண்டுகளில் நான் கணித ஆசிரியர் ஆவேன். கணக்கை எவ்வாறு கற்பிப்பது என்று எண்ணும்போதெல்லாம் மற்றொரு வினாவும் உடன் எழுகிறது. என்முன் அமரும் மாணவர் முந்தைய இரவு எவ்வளவு நேரம் உறங்கியிருப்பர்?

கணக்கு என்பது பலவற்றை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திச் செய்யும் வேலை. 48ஐ 25ஆல் பெருக்குக என்றால், இலக்கங்களைப் பெருக்க வேண்டும். மிகுதியை நினைவில் வைக்க வேண்டும். இடமதிப்பு மாறாமல் கூட்ட வேண்டும். தெளிந்த மனமுடைய மாணவர், 'நான்கு 25 சேர்ந்தால் 100. 48இல் பன்னிரண்டு நான்குகள் உள்ளன. எனவே விடை 1200' என எளிதில் கண்டுகொள்ளலாம். உறக்கம் குறைந்தவரோ பாதி வழியில் மிகுதியை மறக்கிறார். வாய்பாடு தெரிந்திருந்தும் விடை தவறுகிறது. ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு என்கிறார். மாணவர் 'எனக்குக் கணக்கே வராது' என்று முடிவு செய்துவிடுகிறார். தவறிய விடையை மறுநாள் திருத்திவிடலாம். அந்த முடிவைத் திருத்துவது அரிது.

உறக்கம் வெறும் ஓய்வன்று. பகலில் கற்றவற்றை மூளை உறக்கத்தின்போது நிலைப்படுத்துகிறது. ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழக அறிஞர்கள் 2004ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பங்கேற்றோருக்கு எண்வரிசைக் கணக்குகள் தரப்பட்டன. அவற்றுள் ஒரு குறுக்குவழி மறைந்திருந்தது. பயிற்சிக்குப்பின் எட்டு மணி நேரம் உறங்கியோருள் அதனைக் கண்டறிந்தவர் விகிதம், விழித்திருந்தோரைக் காட்டிலும் இருமடங்குக்கும் மேலாக இருந்தது.

13 முதல் 18 வயதுவரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் அறிவுரை. வளரிளம் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதமாகவே சுரக்கிறது. ஆகவே, அவர்கள் நேரங்கழித்து உறங்குவதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என்னும் சட்டத்தை 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலோ கோடை வெயிலுக்கு அஞ்சி விடியலிலேயே தொடங்கும் பள்ளிகள் பல. பள்ளி மணியை மாற்றுவது ஓர் ஆசிரியரால் ஆகாது.

எனினும், வீட்டுப்பாடம் ஆசிரியர் கையில் உள்ளது. நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு இரண்டு மணி நேரமும் வீட்டுப்பாடத்தின் மேல்வரம்பு என்கிறது. 'அரைமணி நேர வேலைதானே' என்று ஐந்து ஆசிரியர்கள் தனித்தனியே எண்ணினால், மாணவருக்கு அது இரண்டரை மணி நேரமாகிவிடும்.

ஆகவே, ஒரே வகைக் கணக்குகள் இருபது தருவதினும் ஐந்து தருவேன். மூன்று அன்றைய பாடத்திலிருந்து. ஒன்று சென்ற வாரத்திலிருந்து. ஒன்று சென்ற மாதத்திலிருந்து. இடைவெளிவிட்டுச் செய்த பயிற்சியே மனத்தில் தங்கும்.

'விழித்திருந்து படிப்பதே உழைப்பு' என்று கூறும் பெற்றோர் உண்டு. உழைப்பை நானும் போற்றுகிறேன். ஆனால், இரவெல்லாம் படித்ததைக் காலையில் நினைவுகூர இயலாவிடில் அவ்வுழைப்பு வீணே. கைப்பேசியால் உறக்கம் இழப்போர் சிலர். வீட்டுவேலையாலும் நெடுந்தொலைவுப் பயணத்தாலும் இழப்போர் சிலர். வகுப்பில் கண்ணயரும் மாணவரிடம், 'நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய்?' என்று முதலில் கேட்பேன். அதன் பின்னரே விடையைக் கேட்பேன்.

சொற்பொருள்
மிகுதி – பெருக்கும்போது அடுத்த இடத்திற்குக் கொண்டுசெல்லும் எண்
கண்ணயர்தல் – தூங்குதல்
நடுவண் அரசு – மத்திய அரசு

பிரித்து எழுதுக
1. ஓய்வன்று 2. அவ்வுழைப்பு 3. குறுக்குவழி

குறுவினா
1. லூபெக் ஆய்வு உணர்த்தும் செய்தி யாது?
2. 'அந்த முடிவைத் திருத்துவது அரிது' – எந்த முடிவு? ஏன்?

நெடுவினா
வீட்டுப்பாடத்தைக் குறைப்பது கற்றலைக் குறைக்குமா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

செயல்பாடு
ஒரு வாரம் நீர் உறங்கிய நேரத்தை நாள்தோறும் குறித்து, சராசரியைக் கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.