யூரியாவும் ஹைட்ரஜன் வாயுவும்

யூரியா மூட்டை எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்த விவசாயி, அதை வயலில் எவ்வாறு இட வேண்டும் என்பதையும் எளிதில் உணர்வார்.

திருவொற்றியூருக்கு மேற்கே மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் கம்பெனி 1966-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1971-இல் அங்கு உர உற்பத்தி தொடங்கிற்று. ‘விஜய்’ என்னும் பெயருடன் விற்கப்பட்டு வந்த யூரியா இவ்வாலையினதே. ஆதியில் நாப்தா என்னும் எண்ணெயே இதற்கு மூலப்பொருளாக இருந்தது. எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் வழியே திரவமாக வந்திறங்கும் இயற்கை வாயு 2019 முதல் அதன் இடத்தைப் பெற்றது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே எனினும், பயிர் அதை நேரே உண்ண இயலாது. ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியாவாக்கினாலன்றி அது தழைச்சத்தாகப் பயன்படாது. ஹைட்ரஜனோ தனியே கிடைப்பதன்று. இயற்கை வாயுவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட வேண்டும். இதற்குத் துணை செய்பவை கிரியா ஊக்கிகள். கல்யாணத் தரகர் இரு வீட்டாரையும் இணைத்துவிட்டு அடுத்த சம்பந்தத்துக்குச் செல்வதுபோல, இவையும் பிற பொருள்களைச் சேர்த்தும் பிரித்தும் வைத்துவிட்டுத் தாம் செலவாகாமல் நிற்கும்.

இத்தகைய ஆலைகளில் முதற்கண் துத்தநாக ஆக்ஸைடு, வாயுவிலுள்ள கந்தகத்தை உறிஞ்சிக்கொள்ளும். கந்தகம் ஊக்கிகளுக்கு விஷமாதலின் இது இன்றியமையாதது. பிறகு அலுமினியம் ஆக்ஸைடின் மேல் படிந்த நிக்கலின்மீது வாயுவும் நீராவியும் சுமார் 800 டிகிரி வெப்பத்தில் செல்லும்போது, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகின்றன. அந்த மோனாக்ஸைடு, மேலும் நீராவியுடன் கூடி, இரும்பு ஆக்ஸைடின் மீதும், பின் தாமிரமும் துத்தநாக ஆக்ஸைடும் கலந்த ஊக்கியின் மீதும் சென்று, கரியமில வாயுவாக மாறும். அப்போது மேலும் ஹைட்ரஜன் கிடைக்கும்.

இத்தாமிர ஊக்கிக்கு வேறொரு பயனும் உண்டு. மெத்தனாலும் நீராவியும் 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில் இதன்மீது சென்றால் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வெளிப்படும். எரிபொருளாக ஹைட்ரஜன் வேண்டுவோர் இம்முறையைக் கையாளுகின்றனர்.

இறுதியில் ஹைட்ரஜனும் காற்றின் நைட்ரஜனும் மிகுந்த அழுத்தத்தில் இரும்பு ஊக்கியின்மீது கூடி அம்மோனியாவாகும். காந்தக்கல் என்னும் இரும்பு ஆக்ஸைடிலிருந்தே இவ்வூக்கி செய்யப்படுகிறது. முன்பு பிரிந்த கரியமில வாயுவை அம்மோனியாவுடன் சேர்த்தால் யூரியா பிறக்கும்.

45 கிலோ மூட்டை ஒன்றில் நூற்றுக்கு 46 பங்கு வீதம் 20.7 கிலோ நைட்ரஜன் உள்ளது. அதை அம்மோனியாவாக்க ஏறக்குறைய 4.4 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். இவ்வளவு வெப்பமும் வாயுவும் செலவிட்டுச் சேர்த்த பொருள், வயலில் கவனமின்றித் தூவினால் சில நாட்களிலேயே மீண்டும் அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். தேங்கிய நீரில் கடும் வெயிலில் தூவும்போது இந்நஷ்டம் மிகும்.

ஆதலின் நெல் வயலில் நீரை வடித்து, மண் ஈரமாயிருக்கையில் யூரியா இட்டு, மண்ணுடன் கலக்கும்படி செய்து, ஓரிரு நாள் கழித்து நீர் பாய்ச்சுதல் நலம். முழு அளவையும் ஒரே தடவையில் இடாமல், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று பகுத்து இட வேண்டும். புன்செய்ப் பயிருக்குச் சாலில் இட்டு மண்ணால் மூடவேண்டும். சாம்பலுடனோ சுண்ணாம்புடனோ யூரியாவைக் கலத்தல் ஆகாது. இலையின் பச்சை வெளுக்காதிருக்கையில் மேலுரம் இடுவது வீண் செலவாகும். இதை அறிய இலை வண்ண அட்டை உதவும்.

வாய்க்கால் நீர்முறையை வகுக்கும்போது, மேலுரம் இடும் நாட்களில் வயல் வடிந்திருக்கும்படி கிராம அதிகாரிகள் விவசாயிகளுடன் கலந்து ஏற்பாடு செய்தால், ஊர் முழுவதற்கும் உரச் செலவு குறையும்.