காந்தம்: ஒட்டுவதை மட்டும் நம்பாதீர்கள்

பழுதான ஸ்பீக்கரின் வளையம், பிரிட்ஜ் கதவுப் பொம்மை, கைப்பையின் பட்டன், போன் கவரின் மடிப்பு என்று பார்த்தால் காரைதீவில் காந்தம் இல்லாத வீடு அரிது. அவற்றைக் கையாளச் சில குறிப்புகள்.

1. காந்தமா, வெறும் இரும்பா? இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டால் அவற்றில் ஒன்று காந்தம் என்பது மட்டுமே உறுதி. ஒன்றைத் திருப்பிப் பிடியுங்கள். தள்ளினால்தான் இரண்டும் காந்தம். ஒத்த முனைவுகள் எதிர்ப்பட்டால் மட்டுமே தள்ளுகை வரும். வெறும் இரும்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒட்டத்தான் செய்யும். பழைய சாமான் கடைக்குக் காந்தம் தேடிப் போகிறவர் கையோடு ஒரு காந்தம் கொண்டுபோவது நல்லது.

2. சட்டக் காந்தத்தின் நடுவில் நூல் கட்டி, இரும்புச் சாமான் இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். வடக்கே திரும்பி நிற்பது வட முனைவு. அதில் நெயில் பொலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். "ஒவ்வாத முனைவுகள்தானே கவரும், பிறகு வட முனைவு ஏன் வடக்கே போகிறது?" என்று பிள்ளை கேட்டால் தட்டிக் கழிக்க வேண்டாம், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன் விஞ்ஞானம் படிப்பித்த விபுலாநந்தர் பிறந்த ஊர் இது. பூமியின் வடபுறத்தில் இருப்பது காந்தக் கணக்கில் தென் முனைவு. அதுதான் பதில்.

3. தொழுகைக்குக் கிப்லாத் திசை பார்க்கவோ, அத்திவாரம் வெட்டத் திசை பார்க்கவோ போனை எடுத்தால் முதலில் கவரைக் கழற்றுங்கள். அதன் மூடியிலுள்ள சிறு காந்தமே போனின் திசைகாட்டியைக் குழப்பப் போதும். இரும்புக் கேற், மோட்டார் சைக்கிள், கம்பி கட்டிய கொங்கிறீட் தூண் எல்லாவற்றையும் விட்டு விலகி, முற்றத்தில் நின்று போனை 8 போலச் சில தடவை சுழற்றிவிட்டுப் பாருங்கள். எங்கள் கரையிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறக்குறைய 24 பாகை. போன் வேறெங்கோ காட்டினால் சந்தேகப்பட வேண்டியது போனைத்தான், பள்ளிவாசலை அல்ல. கடலுக்குப் போகும் வள்ளத்திலும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைக்காதீர்கள்.

4. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த திசைகாட்டியின் ஊசி இங்கே சரிந்து கண்ணாடியில் உரசுகிறதா? பழுதல்ல. அங்கே ஊசியின் வட முனை 66 பாகையளவு நிலத்தை நோக்கிச் சாயப் பார்க்கும். அதைச் சமப்படுத்தத் தென்பக்கத்தைப் பாரமாக்கியிருப்பார்கள். காந்த நடுக்கோடு எங்களுக்கு அருகால் போவதால் இங்கே அந்தச் சாய்வு மிகச் சிறிது. அந்தப் பாரம் தேவையில்லாமல் ஊசியைத் தெற்கே சாய்க்கிறது.

5. அலுமாரிக் கதவுக்கோ பைக்கோ இரண்டு காந்தங்களைப் பசை போட்டு ஒட்டுமுன், கவரும் முகங்களைப் பேனாவால் குறியுங்கள். மாறி ஒட்டினால் கதவு சாத்தவே சாத்தாது.

6. சிந்திய குண்டூசியைப் பொறுக்கக் காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு எடுங்கள். பையை உள்வெளியாகத் திருப்பினால் ஊசிகள் உதிரும். மருதமுனைச் சாறனை வீட்டில் தைப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். கடற்கரை மணலுக்குக் காந்தத்தைக் கொண்டுபோனாலும் பை கட்டாயம். கறுப்பு மணல் ஒட்டினால் லேசில் போகாது.

7. இன்டக்ஷன் அடுப்புக்குச் சட்டி வாங்கும்போது அடியில் காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும். தங்கத்துக்கு இந்தச் சோதனை பாதிதான். ஒட்டினால் சந்தேகப்படலாம், அதுவும் கொளுவியின் வில்லு உருக்காக இருக்கலாம். ஒட்டாததால் தங்கம் என்று ஆகிவிடாது. செம்பு, பித்தளை, வெள்ளி எதிலும் காந்தம் ஒட்டாது.

8. பலமான குட்டி உருண்டைக் காந்தங்கள் சிறுபிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டு விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று கவ்வி, நடுவில் அகப்பட்ட குடலை ஓட்டையாக்கிவிடும். "ஒன்றுதான் விழுங்கினேன்" என்று பிள்ளை சொன்னாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் காந்தம் உள்ள போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது.

9. ஒட்டிய காந்தங்களை இழுத்துப் பிரிக்காமல் பக்கவாட்டில் நகர்த்திப் பிரியுங்கள். சட்டக் காந்தங்களை எதிர் முனைவுகள் அருகருகே வரச் சோடியாக அடுக்கி, இரு நுனியிலும் மெல்லிரும்புத் துண்டு வைத்தால் பலம் குறையாது.

10. பளபளக்கும் நியோடிமியம் காந்தத்தை அடுப்புப் பக்கம் மாட்ட வேண்டாம். சாதாரண வகை 80 பாகை செல்சியசுக்கு மேல் பலம் இழக்கும். முலாம் உரிந்தால் கடற்காற்றில் கறள் பிடித்துப் பொடியாகும். உரிந்த இடத்தில் அந்த நெயில் பொலிஷையே பூசலாம்.