தைத்த பின் சாயம்: மாஸிமோ ஓஸ்தியின் ஆடைக்கலை

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் நம் பெரியவர்கள். அந்த இரண்டாம் பாதியை உருவாக்குபவர் யார் என்று கேட்டால் நாம் தயங்காமல் தையற்காரரைச் சுட்டிக்காட்டுவோம். கத்தரிக்கோலையும் அளவுநாடாவையும் முறையாகப் பயிலாத ஒருவர் ஆண்களின் ஆடைக்கலையையே மாற்றி அமைத்தார் என்றால் நம்ப முடிகிறதா? இத்தாலி நாட்டில் வாழ்ந்து மறைந்த மாஸிமோ ஓஸ்தி அத்தகையவர். வேதியியல் மாணவனுக்கு ஆடையைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணும் நண்பர்கள் சற்றுப் பொறுமையுடன் தொடர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

ஓஸ்தி 1944-ஆம் ஆண்டு போலோனியா நகரை அடுத்த பாரிச்செல்லா என்னும் ஊரில் பிறந்தார். விளம்பரத் துறையில் வரைகலைஞராகத் தொழிலைத் தொடங்கினார். காகிதத்தில் அச்சிடும் நான்கு வண்ண முறையையும் திரை அச்சையும் சாதாரண பனியன்களின் மீது கையாண்டு பார்த்ததே ஆடை உலகில் அவர் வைத்த முதல் அடி. 1970-களின் தொடக்கத்தில் 'செஸ்டர் பெரி' என்ற நிறுவனத்தை நிறுவினார். ஆங்கிலச் சித்திரக்கதை ஒன்றில் வரும் கற்பனை நிறுவனத்தின் பெயர் அது. அந்தப் பெயர் தங்கள் பெயரை ஒத்திருக்கிறது என்று செஸ்டர் பேரி, ஃபிரெட் பெரி என்னும் இரு நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கவே, 1978-இல் அது 'சி. பி. கம்பெனி' ஆயிற்று. விளையாட்டாக வைத்த பெயர் நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது போலும்!

இனி அவருடைய முதன்மையான கருத்துக்கு வருவோம். நூலுக்கோ துணிக்கோ முதலில் சாயமேற்றி, பிறகு வெட்டித் தைப்பதுதான் உலக வழக்கம். ஓஸ்தி இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். சாயமேறாத வெள்ளைத் துணியில் ஆடையை முழுவதுமாகத் தைத்து முடித்து, அதை அப்படியே சாயத்தொட்டியில் இட்டார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அதே இத்தாலியைச் சேர்ந்த பெனட்டன் நிறுவனமும் 1970-களில் பின்னி முடித்த கம்பளிச் சட்டைகளுக்குச் சாயமேற்றியது. ஆனால் பெனட்டனின் நோக்கம் கணக்குப் புத்தகம் சார்ந்தது. எந்த நிறம் விற்கிறதோ அந்த நிறத்தை ஏற்றிக் கொள்ளலாம். விற்காத நிறம் கிடங்கில் தேங்காது. ஓஸ்தியோ கண்ணுக்காக அதைச் செய்தார். தைத்த ஆடையின் மடிப்பிலும் விளிம்பிலும் சாயம் ஒரே சீராக ஏறுவதில்லை. தையலை ஒட்டிய இடம் கருக்கும்; பிற இடம் வெளுக்கும். பல நாள் உழைத்தவன் உடுத்திய சட்டையின் தோற்றம் புதிய ஆடைக்கு வந்துவிடுகிறது. பிறர் குறை என்று கழித்துக் கட்டுவதை அவர் விரும்பித் தேடினார்.

இங்கேதான் நம் பாடம் நுழைகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு காரக் கரைசலில் வினைபுரிந்து சகப்பிணைப்பு கொள்பவை வினைச் சாயங்கள். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் இவற்றை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நைலானுக்கு அமினோ முனைகள் உள்ளமையால் அமிலச் சாயங்களே ஏற்றவை. பாலியஸ்டரோ இவ்விரண்டையும் ஏற்காது. ஏறத்தாழ 130 பாகை வெப்பத்தில், அழுத்தத்தின் கீழ், பரவு சாயம் வேண்டும். ஆகவே உடல் பருத்தியாகவும் கழுத்துப்பட்டை நைலானாகவும் உள்ள ஓர் ஆடை சாயத்தொட்டிக்குள் போனால், இரண்டு பகுதிகளும் இரு வேறு நிறம் பெற்று வெளிவரும். வகுப்பில் அட்டவணையாக நாம் மனப்பாடம் செய்யும் செய்தியை அந்த மனிதர் தூரிகையாகப் பயன்படுத்தினார்.

என் தந்தையார் சாயப்பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். தைத்த பின் சாயமேற்றிய மேற்சட்டை ஒன்றின் படத்தைச் செல்பேசியில் காட்டி, தையல் மட்டும் ஏன் வெள்ளையாக நிற்கிறது என்று அவரைக் கேட்டேன். கண்ணாடியைக்கூடப் போடாமல், "அது பாலிஸ்டர் நூலு கண்ணு, காட்டன் சாயம் அதுல ஏறாது" என்றார். தேர்வில் ஐந்து மதிப்பெண் பெறத்தக்க விடை! 'கெமிஸ்ட்ரி படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்' என்று என்னைக் கேட்பவர்களுள் என் தந்தையாரும் ஒருவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை; ஓஸ்தி எவ்வளவு சம்பாதித்தார் என்று மட்டும் கேட்டார்.

இம்முறையில் இடர்ப்பாடுகளும் உண்டு. கொதிநீரில் துணி சுருங்கும். ஆகையால் சுருக்கத்தைக் கணக்கிட்டு ஆடையைப் பெரிதாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவு சுருங்குவதால் ஆயத்தச் சோதனைகள் இன்றியமையாதவை. ஓஸ்தியின் பணியிடம் தையற்கூடத்தைவிட ஆய்வுக்கூடத்தையே ஒத்திருந்தது. வடிவமைக்கும் போதும் அவர் பழைய ஆடைகளை நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்துப் படியெடுத்து, அப்படிகளை வெட்டி ஒட்டியே புதிய ஆடைகளை உருவாக்கினார்.

1982-இல் பிறந்தது 'ஸ்டோன் ஐலண்ட்'. சரக்குந்துகளை மூடும் தார்ப்பாயைப் போன்ற, இரு பக்கமும் இரு நிறப் பிசின் பூசிய முரட்டுத் துணி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. நுரைக்கல்லும் நொதியும் இட்டு நெடுநேரம் அலசினார். விறைப்பு நீங்கியது, நிறம் தேய்ந்து அழகு பெற்றது. 'தேலா ஸ்தெல்லா' என்று பெயரிட்ட அத்துணி சி. பி. கம்பெனியின் மற்ற ஆடைகளோடு பொருந்தாமல் தனித்து நின்றமையால், அதற்கென்றே புதிய பெயரில் ஏழு மேற்சட்டைகளை வெளியிட்டார். (ஜாக்கெட்டு என்று எழுதினால் நம் ஊரில் வேறு பொருள் கொள்வர், ஆகவே மேற்சட்டை என்றே எழுதி வருகிறேன்.)

1980-களின் பிற்பகுதியில் வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் 'ஐஸ்' மேற்சட்டை வந்தது. இத்தகைய சாயங்களில் பெரும்பாலும் நுண்ணிய உறைகளுக்குள் நிறமி, மென் அமிலம், மெழுகு போன்றதொரு கரைப்பான் ஆகிய மூன்றும் அடைபட்டிருக்கும். குளிரில் கரைப்பான் உறைந்திருக்க, நிறமி அமிலத்தோடு கூடி நிறம் காட்டும். வெப்பத்தில் கரைப்பான் உருகியதும் அந்தக் கூட்டு கலைந்து நிறம் மறையும்.

1988-இல் இத்தாலியின் 'மில்லே மிலியா' பழங்கார்ப் பந்தயத்துக்காக ஒரு மேற்சட்டை செய்தார். பழைய திறந்த கார்களில் முகத்தில் காற்று அறையுமல்லவா? அதற்காகத் தலைமூடியிலேயே இரண்டு கண்ணாடி வில்லைகளைப் பதித்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்க இடக்கையில் ஒரு சிறு சாளரமும் வைத்தார். எனினும் எனக்கு வியப்பூட்டுவது வில்லைகள் அல்ல, சாயத்தொட்டியே. வில்லையைப் பார்த்தவன் உடனே அதைப்போல் செய்துவிடலாம்.

ஓஸ்தியின் வாழ்வில் கசப்பும் உண்டு. பங்குகளைப் படிப்படியாக விற்ற அவர், 1990-களில் தாம் உருவாக்கிய இரு பெயர்களையும் விட்டு வெளியேறினார். பிறகு 'லெஃப்ட் ஹேண்ட்' போன்ற புதிய பெயர்களில் முயன்றார். 2000-இல் லீவைஸ், பிலிப்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து, தொலைபேசியும் இசைக்கருவியும் கம்பிகளால் இணைந்த மேற்சட்டையை வெளியிட்டார். இன்று அவ்விரண்டும் நம் சட்டைப்பையிலுள்ள ஒரே கருவிக்குள் அடங்கிவிட்டன. 2005-இல் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற ஸ்டோன் ஐலண்டை 115 கோடி யூரோவுக்கு வாங்கப் போவதாக மொங்க்ளேர் நிறுவனம் 2020-இல் அறிவித்தது.

அவரைப் பற்றிய நூல்களிலும் கட்டுரைகளிலும் எனக்கொரு மனக்குறை உண்டு. நான் படித்தவரையில் சாயத்தொட்டியருகே நின்ற தொழிலாளர்களின் பெயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அலசிய நீர் எங்கே போயிற்று என்ற வினாவையும் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

போலோனியாவில் அவருடைய சேகரிப்பு இன்றும் குடும்பத்தாரால் காக்கப்பட்டு வருகிறது. படைவீரர்களின் பழைய உடைகள், தொழிலாளர்களின் சீருடைகள், துணித் துண்டுகள், சாயமேற்றிப் பார்த்த மாதிரிகள் ஆகியவை ஆயிரக்கணக்கில் அங்கு உள்ளன. இன்றைய வடிவமைப்பாளர்கள் அங்கு சென்று அவற்றின் பைகளையும் தையல்களையும் புரட்டிப் பார்த்துப் பயில்கிறார்கள்.