இலங்கை அணில் இங்கே செல்லுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில், பால்கோவா, அப்புறம் சாம்பல் நிற அணில். உலகத்திலேயே இங்கே மட்டும்தான் இந்த அணில் உண்டு என்று விருதுநகர் மாவட்டத்தில் பலர் பெருமையாகச் சொல்வார்கள். அப்படியில்லை. பழனி மலையிலும், கேரளத்துச் சின்னாறிலும், ஓசூர்ப் பக்கம் காவிரிக்கரைக் காடுகளிலும் அது இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. இதைக் கேட்டதும் சிலர் எதிர்முனைக்குத் தாவிவிடுகிறார்கள்: ‘அப்படியானால் இங்கே இருப்பது ஓரத்தில் ஒட்டிக்கொண்ட மிச்சம்தானே? அழிந்தால் இலங்கையிலிருந்து நாலு ஜோடி கொண்டுவந்து விட்டால் போயிற்று.’ முதல் நம்பிக்கை வெறும் ஊர்ப்பெருமை, போகட்டும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

ஓர் உயிரினம் பரவியிருக்கும் பரப்பின் ஓரத்தில் வெயிலும் வறட்சியும் தீனியும் வேறு மாதிரி இருக்கும். அதில் தாக்குப்பிடிக்கும் குட்டிகளின் மரபணுக்களே அடுத்த தலைமுறைக்குப் போகும். இலங்கை என்ற ஒரே தீவில் இந்த அணிலுக்கு மூன்று துணையினங்கள்: மலைநாட்டுக்கு ஒன்று, மழை கொட்டும் தென்மேற்குத் தாழ்நிலத்தில் கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று, உலர்வலயத்துக்கு ஒன்று. நம் அணிலை உலர்வலயத்து வகையோடு சேர்த்திருக்கிறார்கள். பட்டாசு மருந்து காய்வதற்குச் சிவகாசிக்கு வாய்த்த வறண்ட காற்று, மேற்கே மலையடிவாரம் வரைக்கும் வீசுகிறது. அங்கே இந்த அணில் ஓடைக்கரை மரங்களை நம்பித்தான் பிழைக்கிறது. உச்சிக்கிளையில் சுள்ளியும் இலையும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டும். தரைக்கு அதிகம் இறங்காமல் கிளைவழியே போகும்.

‘இரண்டும் ஒரே துணையினம் என்றால் பிறகு என்ன வித்தியாசம்?’ என்று கேட்கலாம். அந்தப் பெயர் ரோமத்தின் நிறத்தையும் உடலின் அளவையும் பார்த்து வைத்தது. எப்போது குட்டி போடும், எந்த வறட்சியைத் தாங்கும் என்பதெல்லாம் அதில் வராது. பனியுகம் முடிந்து கடல் ஏறியதில் இரு கரைக்கும் இடையே தரைவழி மறைந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலம் போதுமா என்றால், பாரசீக வளைகுடாவைப் பாருங்கள். பனியுகத்தில் தரையாகக் கிடந்த இடம் அது. பிறகு கடல் புகுந்தது. கோடையில் 34 டிகிரியைத் தாண்டும் அந்த நீரில் இன்று பவளமும் பவளப்பாறை மீன்களும் வாழ்கின்றன. வேறிடத்துப் பவளம் அந்தச் சூட்டில் வெளிறிவிடும். ஒட்டாததை ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, செக்கோஸ்லோவாகியாவின் தாத்ரா மலையில் விட்ட காட்டாடுகள் சாட்சி. ஆஸ்திரியாவிலிருந்து வந்தவை அங்கே நன்றாகவே வாழ்ந்தன. கூட்டத்தைப் பெருக்கத் துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலப்பினம் சீக்கிரமே சினைபிடித்து, கடுங்குளிரான பிப்ரவரியில் குட்டி போட்டது. குட்டிகள் விறைத்துச் செத்தன, மந்தையே அற்றுப்போனது.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒதுங்கிப்போன பூமாக்கள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி, வால் வளைந்தும் இதயக் கோளாறோடும் பிறந்தன. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களை விட்ட பிறகுதான் அந்த இனம் தேறியது. ஆனால் அந்த இரு கூட்டமும் சமீப நூற்றாண்டுகள் வரை ஒன்றாகக் கலந்திருந்தவை. மனிதன் வெட்டிய உறவை மனிதனே ஒட்டவைத்தான். நம் அணிலுக்கு அப்படிப் புது ரத்தம் தேவைப்பட்டால் பழனிப் பக்கத்து உறவைத்தான் முதலில் தேட வேண்டும். அதற்கும் முன்னால், இருக்கும் கூட்டம் துண்டு துண்டாகாமல் பார்த்துக்கொள்வது மலிவான வைத்தியம். 1988-இல் இந்த அணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வந்தது. 2021-இல் அதுவே மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆனால் அதன் எல்லைக்கு வெளியே, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பை ஒட்டிக் கிடக்கும் மாந்தோப்புகள் பட்டா நிலம். அங்கே கிளைகோத்து நிற்கும் மரங்களில் ஒன்றை வெட்டிச் சாய்த்தால், அணிலுக்கு அந்த இடத்தில் வழி அறுந்துபோகும்.