படம் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை



சென்ற ஆண்டு எங்கள் பட்டறைப் பயிற்றுநர் பணி ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "தம்பி, ஒரு படம் பெரிசா போட்டுக் குடுப்பா, வீட்ல மாட்டணும்" என்றார். டிஜிட்டல் கேமராதானே, பட்டனை அமுக்கினால் வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். படம் வந்தது; மாட்டத்தான் முடியவில்லை! அதன்பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன்.

1. படத்தின் அளவு: மாணவர் சங்க அறையில் கிடந்த அந்தப் பழைய கேமராவில், கார்டில் இடம் மிச்சமாகட்டும் என்று யாரோ 640 × 480 என வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. அச்சு தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 640-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள். 2 அங்குலம் சொச்சம்தான்! ஏ4 தாள் நிறைய வேண்டுமானால் 3508 × 2480, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள் தேவை. ஆகவே எப்போதும் பெரிய அளவிலேயே வையுங்கள்.

2. ஒயிட் பேலன்ஸ்: பகல் வெயிலின் நிறவெப்பம் சுமார் 5500 கெல்வின், மேடை ஹாலஜன் விளக்குக்குச் சுமார் 3000. நம் கண் இரண்டிலும் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே காணும். கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். வெயில் குறியில் வைத்து மேடையில் எடுத்தேன். எல்லோருக்கும் மஞ்சள் காமாலை! பல்பு குறிக்கு மாற்றியிருந்தால் போதும்.

3. ஐ.எஸ்.ஓ.: 100, 200, 400, 800 என்று இரட்டிக்க இரட்டிக்க, தேவைப்படும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 100-ல் 1/8 நொடி கேட்கும் மண்டபத்தில், 800-ல் 1/60 நொடி போதும். 1/8 நொடிக்குக் கை ஆடாமல் பிடிப்பது கஷ்டம். ஐ.எஸ்.ஓ. கூடினால் மணல் தூவினாற்போல் பொட்டு விழும், பரவாயில்லை. ஆடிப்போன படத்தைவிட அது மேல்.

4. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்: கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சட்டைக் கூட்டத்தை எடுத்தால் படம் மங்கும், +1 வையுங்கள். கரும்பலகை முன்னால் நிற்பவருக்கு –1. ஆனால் அளவு மீறக்கூடாது. ஜேபெக் படத்தில் வெளிச்சம் 0 முதல் 255 வரைதான். சட்டை முழுதும் 255-ஐத் தொட்டுவிட்டால் மடிப்பும் தெரியாது, பொத்தானும் தெரியாது.

5. ரா கோப்பு: சற்று விலை கூடிய கேமராக்களில் இது உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4096. ஒயிட் பேலன்ஸைப் பிறகு கம்ப்யூட்டரிலேயே மாற்றிக்கொள்ளலாம். கார்டில் இடம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

மொத்தத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள். நிறத்தையும் மங்கலையும் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். சிறிய அளவு, ஆடிய கை, வெளுத்துப்போன வெள்ளை இம்மூன்றையும் பிறகு மீட்க முடியாது. எனவே முந்தின நாளே விழா மண்டபத்துக்குப் போய், அதே விளக்கைப் போட்டு, நண்பன் ஒருவனை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எங்கள் பயிற்றுநர் கோபிக்கவில்லை. அந்த 2 அங்குலப் படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்குப்பா" என்றார். அந்தப் பெருந்தன்மை அவருடையது. தவறு என்னுடையது. இந்த ஆண்டு கேமராவைத் தூக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு அது நேர வேண்டாம்.