மருந்துச் சீட்டுக்கு அப்பால்

கேள்வி: புறநோயாளிப் பிரிவில் ஒரே வைத்தியரிடம் காட்டிக்கொள்ளும் இருவரில் ஒருவர் திருப்தியோடும் மற்றவர் மனக்குறையோடும் திரும்புவது ஏன்?

பதில்: அது வைத்தியருடைய தயாள குணத்தை மட்டும் பொறுத்ததன்று. தம் வியாதியின் சுபாவத்தையும் மருந்தின் காரியத்தையும் ஓரளவேனும் அறிந்து வருபவருக்கு அந்தச் சில நிமிஷச் சந்திப்பே நல்லதொரு சம்பாஷணையாக அமைய, அறியாதவருக்கோ அது விளங்காத சீட்டொன்றைப் பெறுவதோடு முடிந்துபோகிறது. இந்த அறிவு எவ்வளவு அவசியம் என்பதற்கு க்ஷயரோகமே சான்று. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி, சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே, வீட்டிலிருந்தபடி ஓராண்டு மருந்துண்ட ஏழை நோயாளிகளும் குணமடையக்கூடும் என்று உலகுக்கு நிரூபித்தது. அப்படியாயின், ஆஸ்பத்திரித் தாதியின் கண்காணிப்பில் ஒரு பெரும்பகுதி நோயாளியின் கைக்கே வந்துவிடுகிறதல்லவா? இருமல் நின்ற மாத்திரத்தில் ரோகமே ஒழிந்ததென்று எண்ணி மருந்தை நிறுத்துகிறவரிடம், எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கே அடங்காதனவாக மாறக்கூடும் என்பதை எவரும் விளங்கச் சொல்லாதிருந்தால், குற்றம் அவருடையது என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். பள்ளிப் படிப்பு வேறு, இந்த அறிவு வேறு. பட்டதாரிகளும் ரத்த அழுத்த மாத்திரையைத் தலைசுற்றும் நாளில் மாத்திரம் விழுங்கக் கண்டிருக்கிறேன். ஆகையால், அடுத்த முறை செல்லும்போது, இது எதற்கு, எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று தயங்காமல் கேளுங்கள். வைத்தியர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவரிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.