மாவோரி மக்களின் பழஞ்செல்வம்

பசிபிக் மாகடலின் தென்கோடியில் நியூசிலாந்து என்னும் தீவு நாடு அமைந்துள்ளது. அந்நாட்டின் முதற்குடிகள் மாவோரி மக்கள் ஆவர். ஏறத்தாழக் கி.பி. 13-ஆம் நூற்றாண்டில், கிழக்குப் பாலினீசியத் தீவுகளினின்றும் பெருந்தோணிகளில் அலைகடல் கடந்து வந்து அங்குக் குடியேறியவர் இவர். இவர்களிடத்து அக்காலத்தில் எழுத்து இல்லை. ஆயினும் வரலாறு இருந்தது. தம் குலம் வழிவழி வந்த முறையை 'ஃபாக்கபாப்பா' என்னும் பெயரால் முதியோர் மனப்பாடமாக ஓதினர். இன்ன தோணியில் வந்தோம், இன்ன ஆறு எம்முடையது, இன்ன மலை எம் முன்னோர் பெயர் தாங்கியது என்பனவெல்லாம் இரங்கற்பாட்டிலும் தாலாட்டிலும் அமைந்து கிடந்தன. ஓதுவார் வாயிலும் கேட்போர் செவியிலுமே வாழ்ந்த வரலாறு அது. ஓதும் முதியவர் ஒருவர் மாண்டால், ஓர் ஏட்டுச்சுவடியே எரிந்ததற்கு ஒப்பாகும் அன்றோ?

1814-ஆம் ஆண்டு முதல் கிறித்தவ சமயத் தொண்டர்கள் அங்குச் சென்று தங்கினர். 1820-இல் ஹோங்கி ஹிக்கா என்னும் தலைவர் இங்கிலாந்துக்குச் சென்றபோது, கேம்பிரிட்ஜ் நகரில் சாமுவேல் லீ என்னும் பேராசிரியர் அவர் துணையோடு மாவோரி மொழிக்கு இலக்கணமும் சொற்றொகையும் வகுத்தார். அதன்பின் எழுத்தறிவு அம்மக்களிடையே வியக்கத்தக்க விரைவிற் பரவியது. 1837-இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் வில்லியம் கொலென்சோ. தமிழெழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி ஒன்றை அந்நாட்டிற் கண்டு பாதுகாத்தவரும் இவரே. மாவோரிப் பெண்டிர் அதனைக் கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனராம்! அம்மணி இன்று வெல்லிங்டன் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது.

எழுதக் கற்ற மாவோரி மக்கள் கடிதங்கள் பல எழுதினர். அரசாங்கத்தின் சார்பில் நிலம் வாங்கும் அலுவல் பார்த்துப் பின்னர் அமைச்சரும் ஆன டொனால்டு மக்லீன் என்பவருக்கு அவர்கள் தம் மொழியில் வரைந்த கடிதங்கள் மட்டும் ஏறத்தாழ 3,000, அலெக்சாண்டர் டர்ன்புல் நூல்நிலையத்தில் காக்கப்பட்டுள்ளன. எல்லைத் தகராறு, நிலம் விற்க உடன்படாமை, கொடுத்த வாக்கை நினைவூட்டல், துயரச் செய்தி ஆகிய பலவும் அவற்றிற் காணப்படும். பிறர் எழுதிய வரலாற்றில் ஊமையராய்த் தோன்றும் அம்மக்கள், இக்கடிதங்களில் தம் வாயாலேயே பேசுகின்றனர்.

ஒரு தாளின் பயன் எத்துணைப் பெரிதாகக்கூடும் என்பதற்கு வைத்தாங்கி உடன்படிக்கையே சான்று. 1840, பிப்ரவரி 6-ஆம் நாள் பிரிட்டிஷ் அரசியின் சார்பாளருக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே அது கையெழுத்தாயிற்று. பின்னர்ப் பிற இடங்களிலும் தலைவர் பலர் ஒப்பமிட, அவர் தொகை 500-க்கு மேற்பட்டது. ஆங்கிலப் படியில் நாட்டின் முழு இறைமையும் அரசிக்கு உரியது என்று இருந்தது. மாவோரிப் படியிலோ ஆளும் பொறுப்பு மட்டுமே கொடுக்கப்பட்டுத் தலைமையுரிமை குலத்தாரிடமே நின்றது. பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரிப் படியிலேயே! அத்தகைய தாள் 1841-இல் தீக்கு இரையாகாமல் அரிதிற் தப்பியது. 1908-இல் ஹாக்கன் என்னும் அறிஞர் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் அடித்தளத்திற் கண்டெடுத்தபோது நீராலும் எலிகளாலும் சிதைந்திருந்தது. 1975-இல் வைத்தாங்கி நடுவர் மன்றம் நிறுவப்பெற்றது. 1840 முதல் நேர்ந்த குறைகளையும் ஆராயும் அதிகாரம் அதற்கு 1985-இல் வந்தது. அப்பொழுது, பழங்கடிதங்களும் முதியோர் வாய்மொழியும் நிலமிழந்தோர்க்கு வழக்காடும் கருவிகளாயின.

டே ராங்கிகாஹேகே என்னும் மாவோரிப் புலவர், ஆளுநர் ஜார்ஜ் கிரேயின் பொருட்டுத் தம் குலக் கதைகளையும் பாடல்களையும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதிக் கொடுத்தார். கிரே அவற்றைக் கொண்டு 1854-இல் நூல் வெளியிட்டார். எழுதிக் கொடுத்தவர் பெயர் அதில் இடம்பெறவில்லை. கையெழுத்துப் படிகளோ கிரேயுடன் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் சென்று, 1920-களிலேயே ஆக்லாந்துக்கு மீண்டன. அவை மீளாதிருப்பின் அப்புலவர் பெருமை மறைந்தே போயிருக்கும்.

1918-இல் பரவிய நச்சுக் காய்ச்சலால் மாவோரி மக்கள் ஐரோப்பியரினும் பன்மடங்கு மிகுதியாக மடிந்தனர். முதியோரோடு பழம்பாடல்களும் அழியுமே என்று கவன்றவருள் தலைசிறந்தவர் அப்பிரானா ஙாட்டா என்னும் பெரியார். (தமிழில் மொழிக்கு முதலாக அருகியே வரும் ஙகரம், மாவோரி மொழியில் இயல்பாக முதலில் நிற்கும்.) அவர் நாடெங்கும் உள்ள பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார். அவரும், மருத்துவரும் மக்களியல் அறிஞருமான டே ராங்கி ஹிரோவாவும் ஊக்க, 1919 முதல் 1923 வரை பொருட்காட்சிச் சாலையினர் நான்கு பயணங்கள் மேற்கொண்டனர். எல்ஸ்டன் பெஸ்ட் கேட்டவற்றை எழுதினார். ஜோஹன்னஸ் ஆண்டர்சன் இசையை ஆராய்ந்தார். ஜேம்ஸ் மக்டொனால்டு நிழற்படமும் திரைப்படமும் எடுத்தார். பாய் முடைதல், மீன்கூடு பின்னுதல், விரல்களிற் கயிற்றைக் கோத்து உருவம் அமைக்கும் விளையாட்டு முதலியன படமாயின.

பாடல்களை மெழுகு உருளைகளிற் பதித்தனர். பாடுவோர் குரல் ஒரு குழல் வழியே சென்று மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகில் பள்ளக்கோடு கீறும். அக்கோட்டின் வழியே மீண்டும் ஊசியைச் செலுத்தின் குரல் எழும். ஆனால், கேட்குந்தோறும் மெழுகு தேயும், பூசணமும் பற்றும். கேட்பதே கேட்கப்படுவதை அழிக்கும் இவ்விடர்ப்பாட்டிற்குப் பின்னாளில் வேறு நாடாக்களிற் படியெடுத்தலே தீர்வாயிற்று. 1958 முதல் மெர்வின் மக்லீன் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழம்பாடல்களை ஒலிநாடாவிற் பதிவு செய்தார்.

இரண்டாம் உலகப் போரில் 28-ஆவது மாவோரிப் படைப்பிரிவு கடல் கடந்து சென்றது. 1940 முதல் வானொலியினர் ஊர்தியில் ஒலிப்பதிவுப் பொறியுடன் படைகளைத் தொடர்ந்தனர். வீரர்கள் வீட்டாருக்குச் சொன்ன வாழ்த்துகள் தட்டுகளிற் பதிந்து தாயகம் வந்து ஒலிபரப்பாயின. அவருள் மீளாதவர் பலர். தாய்மார்க்கு எஞ்சியது அக்குரலே.

நிழற்படம் மாவோரி மக்களுக்கு வெறுந்தாள் அன்று. இறந்தோர் படங்களைச் சபைமனையின் சுவரில் வரிசையாக மாட்டுவர். ஈமச் சடங்கில் உடலருகே வைப்பர். உயிருள்ளாரை விளித்தல்போல விளித்துப் பேசுவர். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படப்பிடிப்பாளர், அம்மக்களைப் படமெடுத்துப் பெயரும் குறியாது அட்டைகளாக விற்றனர். 'ஒரு மாவோரி மாது' என்பதே அவற்றின் கீழ்க் குறிப்பு! அம்மாது எவர்க்கோ பாட்டி என்பதை அவர் எண்ணிலர். ஆதலின், இத்தகைய படங்களை வெளியிடுமுன் குலத்தாரைக் கலந்து இசைவு பெறும் வழக்கம் நூல்நிலையங்களில் இப்பொழுது வேரூன்றியுள்ளது.

மக்டொனால்டின் திரைப்படங்கள் பல்லாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தன. எளிதில் தீப்பற்றுவதும் தானே சிதைவதுமான சுருளில் எடுக்கப்பட்டவை அவை. 1981-இல் தோன்றிய திரைப்படக் காப்பகத்தார் அவற்றைச் செப்பனிட்டு, வாங்கனூயி ஆற்றங்கரை ஊர்களுக்கே எடுத்துச் சென்று, சபைமனைகளில் திரைகட்டிக் காட்டினர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே ஆற்றில் மீன்கூடு பின்னியவரும், அதே முற்றத்திற் பாய் முடைந்தவரும் திரையில் அசைந்தனர். கூடியிருந்தோர் அழுதனர், முன்னோரை வரவேற்கும் முறைப்படி குரலெடுத்து வரவேற்றனர். காப்பகத்தார்க்குத் தெரியாதிருந்த முகங்களுக்கு, முதியோர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள்.